பட்டன் புதுசு, சைடு பாழ்: பழைய ராலே ஒன்றின் பழுப்பு டயர்கள்

வண்டியும் புகாரும்

வண்டி ஒரு ராலே ஸ்போர்ட்ஸ் சைக்கிள். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் செய்தது. பின் சக்கரத்தில் ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. மூன்று கியர் ஹப். அதன் மேல் 62 என்று குத்தியிருப்பதால் 1962இல் செய்த ஹப் என்று தெரிகிறது. அந்தக் கம்பெனி அப்போது ஹப்பிலேயே ஆண்டைக் குத்தி அனுப்பியது. பழைய ராலேக்கு வயது பார்க்க இதைவிட எளிய வழி கிடையாது. குரோம் பூசிய இரும்பு ரிம், ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற கேலிப்பர் பிரேக், பின் ஃபோர்க்கின் இடப்பக்கம் விளக்குக்கு மின்சாரம் தருகிற ஒரு பாட்டில் டைனமோ.

வண்டிக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சார் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் இடையில், கடலைப் பார்த்த வீடு. கொழும்பில் கடை வைத்திருந்த அவருடைய அப்பா ஊர் திரும்பியபோது கொண்டு வந்த சைக்கிள் இது. பெட்டியில் பூட்டி வைக்கிற பொருளாக சார் அதை நினைத்ததில்லை. காலையில் மீன் வாங்கவும், வாரத்தில் ஒருநாள் திங்கள்சந்தைக்கும், எப்போதாவது தக்கலைக்கும் அதில்தான் போவார்.

அவர் பழுப்பு சைடு டயர் ஒரு ஜோடி வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டியிருந்தார். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பின் டயரின் இடது சைடு வாய் பிளந்துவிட்டது. டியூப் பிதுங்கி, திங்கள்சந்தை போகிற வழியில் வெடித்தது. வேகம் இல்லாததால் விழாமல் தப்பினார். டயரைக் கையில் வாங்கிப் பார்த்தால் பட்டன் அப்படியே புதுசாக இருக்கிறது. தரையில் உரசுகிற பாகம் தேயவே இல்லை, தரையைத் தொடாத பாகம் செத்துப்போயிருக்கிறது.

தக்கலை சைக்கிள் கடை அண்ணனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "கறுப்பு டயர் போட்டா கவலையே வேண்டாம் சார். இந்தப் பழுப்பெல்லாம் பார்வைக்கு உள்ளதாக்கும்" என்றார். சார் ஒத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, "மக்ளே, அப்பா ஓட்டும்போ பழுப்பு டயராக்கும் கிடந்தது. எனக்கும் பழுப்பே வேணும். ஆனா நிக்கணும். பாத்துச் சொல்லு" என்றார்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பச்சை நிற ராலேயில் முழுக் கறுப்பு டயர் போட்டால் வண்டியின் முகமே மாறிவிடும். அதை வெறும் அலங்கார ஆசை என்று நான் தள்ள மாட்டேன். அதே சமயம், அறுபது வருட வண்டியில் எழுபது வயதுக்காரர் போகிறார் என்றால் டயர் வெடிக்கக் கூடாது. இந்தக் கரையோரத்து வெயிலிலும் மணலிலும் பழுப்பு சைடு நிற்குமா, நிற்கவேண்டுமானால் எந்த வகையை எடுக்கவேண்டும் என்பதைத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

பழுப்பு எங்கிருந்து வருகிறது

ரப்பர் மரம் வளர்கிற மாவட்டத்தில் இதை விளக்குவது சுலபம். குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கம் ரப்பர் உலர்த்துகிற எந்தப் புகைப்புரைக்குள் எட்டிப் பார்த்தாலும் கம்புகளில் தொங்குகிற ரப்பர் சீட்டின் நிறம் தேன் பழுப்பு. இயற்கை ரப்பருக்கு அதுதான் நிறம். டயர் கறுப்பாக இருப்பது அதில் கலக்கிற கார்பன் கரியால். கரி வெறும் சாயம் இல்லை. அது ரப்பரை உறுதியாக்கும், உராய்வைத் தாங்க வைக்கும், வெயிலின் புற ஊதாக் கதிரை மேற்பரப்பிலேயே உறிஞ்சி உள்ளே போகவிடாமல் தடுக்கும். பழுப்பு சைடில் கரி இல்லை. அதற்குப் பதில் களிமண் வகைகள், சிலிக்கா, துத்தநாக ஆக்சைடு போன்றவற்றைச் சேர்ப்பார்கள். அவை ஓரளவு உதவும். கரியின் இடத்தை முழுவதும் நிரப்பாது.

இதோடு ஓசோன் விஷயமும் உண்டு. இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் நிறைய. காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கிற ஓசோன்கூட அவற்றை வெட்டும். தளர்வாகக் கிடக்கிற ரப்பரில் அது பெரிதாகத் தெரியாது. இழுபட்டு நிற்கிற இடத்தில் வெட்டு வெடிப்பாக விரியும். கறுப்பு டயருக்கு ஓசோனைத் தடுக்கும் வலுவான ரசாயனங்களைச் சேர்க்கலாம். அவை பழுப்புக் கறை விடும், கறுப்பில் அந்தக் கறை தெரியாது. வெளிர் நிற சைடில் கறை விடாத வகைகளையும் மெழுகையும் நம்பித்தான் இருக்கவேண்டும். அந்த மெழுகு மெல்ல மேலே கசிந்து ஒரு படலமாக நிற்கும். டயரைப் பளபளப்பாக்க மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கிறவர்கள் அந்தப் படலத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார்கள். எண்ணெய் போட்டால் ரப்பர் ஊறி உப்பவும் செய்யும். சீட்டை நாள்கணக்கில் வெயிலில் போட்டால் பிசுபிசுத்துப்போகும் என்றும், ரப்பர் பாலைச் செம்புப் பாத்திரத்தில் வைக்கக் கூடாது என்றும் பால்வெட்டுகிறவர்கள் சொல்வது இதே ரப்பரின் குணத்தைத்தான்.

பழுப்பு என்று கடையில் விற்பது ஒரே பொருள் அல்ல என்பதுதான் இந்த ஆய்வில் முக்கியமான விஷயம். ஒன்று, நூல் தெரிகிற வகை. அட்டையில் ஸ்கின்வால் என்று போட்டிருக்கும். டயரின் உடல் நூல் மேல் மெல்லிய ரப்பர் பூச்சு மட்டும் இருக்கும். விரலால் தடவினால் குறுக்கும் நெடுக்குமாக நூல் தட்டுப்படும். எடை குறைவு, ஓட்டுவதற்கு மென்மை, பந்தய வண்டிக்காரர்களுக்குப் பிடித்தது. இரண்டாவது, நூல் மேல் தனியாக ஒரு கனமான பழுப்பு ரப்பர் அடுக்கைப் போர்த்தியது. இதைக் கம்வால் என்பார்கள். தடவினால் வழுவழுப்பு. மூன்றாவது வகை புதிதாக வந்திருக்கிறது. செயற்கை ரப்பரில் நிறமி கலந்து பழுப்பாகத் தெரியவைப்பது. படத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். சார் வரவழைத்திருந்தது முதல் வகை.

கழற்றிப் பார்த்தது

ஒரே வண்டியில் இரண்டு டயர், டயருக்கு இரண்டு சைடு, ஆக நான்கு சைடுகள். எல்லாம் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே வழியில் ஓடியவை. நான்கும் நான்கு விதமாக இருந்தன. இந்த ஆய்வுக்குப் பெரிய உதவி அதுதான்.

முன் டயரின் இடது சைடு நன்றாக இருந்தது. கொஞ்சம் நிறம் மங்கியிருந்தது, அவ்வளவுதான். முன் டயரின் வலது சைடில் நுணுக்கமான வெடிப்புகள், சுற்றிலும் ஒரே சீராக. நகத்தால் அமுக்கினால் வாய் திறந்து நூல் தெரிந்தது. ஆனால் நூல் அறவில்லை. பின் டயரின் வலது சைடிலும் அதே வெடிப்புகள், இன்னும் கொஞ்சம் ஆழமாக. பின் டயரின் இடது சைடில் வெடிப்பு குறைவு. ஆனால் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் சக்கரம் முழுக்க வளையமாக ஓடியது. பள்ளத்தில் ரப்பரே இல்லை. நூல்கள் பஞ்சு மாதிரி பிசிறி நின்றன. வாய் பிளந்தது அந்த வளையத்தில்தான்.

வலது சைடுகள் இரண்டும் வெடித்ததற்குக் காரணம் வண்டி நிறுத்தும் இடம். மேற்குப் பார்த்த திண்ணையில், சுவரை ஒட்டி, எப்போதும் ஒரே பக்கமாக நிறுத்துவார். மதியத்துக்கு மேல் கடல் பக்கத்து வெயில் முழுவதும் வலது சைடில் விழும். இடது சைடு சுவர் பக்கம், நிழல். வேறு எந்த வித்தியாசமும் முன் டயரில் கிடையாது. வெயில் எவ்வளவு கெடுத்தது என்பதை முன் டயரை வைத்தே அளந்துவிடலாம். கெடுத்திருக்கிறது, ஆனால் கொல்லவில்லை.

கொன்றது டைனமோ. பாட்டில் டைனமோவில் 6 வோல்ட், 3 வாட் மின்சாரம் கிடைக்க அதன் உருளை டயரின் சைடில் அழுந்தி உருளவேண்டும். உருளை இரும்பு, வழுக்காமல் இருக்க அதில் பல் வெட்டியிருப்பார்கள். டைனமோவின் அச்சுக் கோட்டைக் கீழே நீட்டினால் அது சக்கரத்தின் மையத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவேண்டும். அப்படி இருந்தால் உருளை சுத்தமாக உருளும். சாய்ந்திருந்தால் உருள்வதோடு பக்கவாட்டில் இழுத்துத் தேய்க்கும். ஒரு நேரான குச்சியை டைனமோ உடம்போடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். மையத்தை விட்டு நன்றாகவே விலகிப் போனது. பிடிக்கிற கிளாம்ப் எப்போதோ லூசாகி, கையில் கிடைத்த வாக்கில் முறுக்கியிருக்கிறார்கள்.

இதில் இந்தக் கரைக்கே உரிய ஒரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட்டோடு கார்னெட்டும் இருக்கிறது. இந்திய அருமணல் ஆலை அங்கே இருப்பதே இந்தக் கனிமங்களுக்காகத்தான். கார்னெட் உப்புத்தாள் செய்யவும், தண்ணீரோடு பீய்ச்சி உலோகத்தை அறுக்கவும் பயன்படுகிற கடினமான கல். மழையில் நனைந்த டயர் சைடில் அந்த மணல் ஒட்டிக்கொண்டு, பல் வெட்டிய இரும்பு உருளைக்கு அடியில் சுற்றிச் சுற்றி அரைபட்டால், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ரப்பர் பூச்சு எத்தனை நாள் தாங்கும்? சார் அதிகாலையில் விளக்குப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவர். டைனமோ ஓடியது பெரும்பாலும் ஈர மணலில்தான்.

அப்புறம் காற்று. பின் டயரை உள்புறம் திருப்பிப் பார்த்தபோது நூல்களில் மெல்லிய முறிவுக் கோடுகள் தெரிந்தன. காற்றுக் குறைவாக ஓடிய டயரில் வருகிற அடையாளம் இது. ஒவ்வொரு சுற்றிலும் சைடு மடங்கி மடங்கி நிமிர்கிறது, அப்படி இழுபடுகிற இடத்தில்தான் ஓசோன் வெடிப்பும் ஆழமாகும். பின் டயரின் வெடிப்பு முன் டயரைவிட ஆழமாக இருந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நம் பக்கத்து டியூபில் உள்ளது பழைய வகை வால்வ். வால்டியூப் என்கிற சின்ன ரப்பர் குழாய்தான் காற்றைப் பிடித்து நிற்கும். அதில் மீட்டர் வைத்து உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்று சரியாகப் பார்க்க முடியாது. எல்லோரும் கட்டைவிரலால் அமுக்கித்தான் பார்க்கிறோம். சார் விரலுக்கு டயர் கல் மாதிரி இருந்தால் போதும். ஆனால் அவர் ஏறி உட்கார்ந்து, கேரியரில் பையும் வைத்த பிறகு யாரும் அமுக்கிப் பார்ப்பதில்லை. வால்டியூபும் பழசாகிக் கசிந்துகொண்டிருந்தது.

பிரேக் கட்டை மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. கேலிப்பர் பிரேக்கில் கட்டை அரை மில்லிமீட்டர் ஏறி நின்றாலும் டயரைத் தின்றுவிடும். முன் கட்டை ஒன்று லேசாகத் தொட்டு ஒரு பளபளப்புக் கோடு போட்டிருந்தது, பின் சக்கரத்தில் அதுவும் இல்லை. ரிம் ஓரத்துத் துரு டயரின் ஓரத்தை அரித்திருந்தது. உப்புக் காற்றில் அது எதிர்பார்த்ததுதான், வெடிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆக, இதே டைனமோ பழைய கனத்த டயர்களில் வருடக்கணக்கில் ஓடியிருக்கிறது. டைனமோ ஓடுவதற்கென்றே சைடில் வரிவரியாகத் தடம் வைத்து வந்த டயர்கள் உண்டு. அந்தத் தடத்துக்காகச் செய்த கருவியை நூல் தெரிகிற மெல்லிய சைடில் ஓடவிட்டதுதான் தவறு. பழுப்பு நிறத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

590 என்ற எண்

டயர் தேடத் தொடங்குவதற்கு முன் அளவைப் பற்றிச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் சார் பணத்தைத் தொலைத்தது முதலில் இதில்தான். வெடித்த டயருக்கு முன்பே ஒரு ஜோடி வாங்கியிருந்தார். ரிம்மில் ஏறவே இல்லை. விற்றவர் "26 × 1 3/8க்கும் 26 × 1.50க்கும் பெரிய வித்தியாசம் இல்லை" என்று அனுப்பியிருக்கிறார். திருப்பியும் எடுத்துக்கொள்ளவில்லை.

வித்தியாசம் பெரியது. 26 என்பது டயரின் வெளி விட்டத்தை அங்குலத்தில் சுமாராகச் சொல்கிற எண். டயர் உட்காருகிற ரிம்மின் விட்டத்தை அது சொல்வதில்லை. 26 × 1 3/8 என்ற ராலே டயர் உட்காருகிற இடம் 590 மில்லிமீட்டர். 26 × 1.50 என்று புள்ளி வைத்து எழுதுவது மலையேறும் சைக்கிள் அளவு, அது 559. 26 × 1 1/2 என்று பின்னமாக எழுதினால் 584. 26 × 1 1/4 என்ற பழைய ஆங்கில அளவு 597. எல்லாவற்றுக்கும் முன்னால் 26 நிற்கும், ஒன்று இன்னொன்றில் ஏறாது. பின்னத்தில் எழுதிய அளவும் புள்ளி வைத்து எழுதிய அளவும் கணக்குப்படி சமமாகத் தெரிந்தாலும் டயரில் சமம் கிடையாது. போதாததற்கு, அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி 26 × 1 3/8 என்றே எழுதி 597 அளவில் ஒரு டயர் விற்றது. பழைய சரக்கு வாங்குகிறவர்கள் அதிலும் மாட்டிக்கொள்ளலாம்.

தப்பிக்க ஒரே வழி, டயரின் சைடில் சின்ன எழுத்தில் இருக்கும் இரட்டை எண்ணைப் படிப்பது. 37-590 என்றால் அகலம் 37, உட்காரும் விட்டம் 590. முன் எண் கொஞ்சம் மாறலாம், பின் எண் மாறவே கூடாது. பழைய டயரில் அந்த எண் அழிந்திருந்தால் ஒரு வெள்ளைப் பேப்பரை வைத்து பென்சிலால் தேய்த்தால் எழுத்து மேலே வரும். இந்த 590ஐ பிரெஞ்சுக்காரர்கள் 650ஏ என்று எழுதுவார்கள், அது ஒன்றுதான்.

எந்த டயர்

கறுப்பு போதும் என்பவர்களுக்கு இந்த அளவில் கவலையே இல்லை. நம் ஊர்ப் பெண்கள் சைக்கிள்களில் வந்த அளவு இது. இந்தியக் கம்பெனி டயர் மார்த்தாண்டத்திலும் வடசேரியிலும் கடையில் தொங்கும். பழுப்பு என்றால் வெளியே தேடவேண்டும். 590 விட்டத்தில் பழுப்பு சைடோடு நான் பார்த்து எடைபோட்டது மிஷலின் வேர்ல்டு டூர், பானரேசரின் கோல் டி லா வீ, ஷ்வால்பே டெல்டா குரூசர். மூன்றுக்கும் ஓரத்தில் இரும்புக் கம்பிதான், மடிக்கிற வகை இல்லை. மிஷலின் 35 அகலம், பானரேசர் 38, ஷ்வால்பே 37.

எதற்கு முதலிடம் கொடுக்கவேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. சைடில் நூல் மேல் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. டயரை இரண்டு கையாலும் பிடித்துச் சைடை வெளிப்பக்கமாக மடக்கவேண்டும். மடிப்பின் முதுகில் நூல் வரி தெரிந்தால் அது கடற்கரைக்கு ஆகாது. வழுவழுப்பாகவே இருந்தால் எடுக்கலாம். மடிப்பில் இப்போதே மயிர் வெடிப்பு இருந்தால் நாள்பட்ட சரக்கு, விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். இணையத்தில் வாங்குவதானால் சைடைக் கிட்டத்தில் எடுத்த படம் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும்.

அங்குலத்துக்கு எத்தனை நூல் என்ற கணக்கைப் பெரிதாக விளம்பரம் செய்வார்கள். எண்ணிக்கை கூடக்கூட நூல் மெல்லியதாகும், டயர் இளக்கமாகும், எடை குறையும். பந்தயத்துக்கு நல்லதுதான். ஆனால் மீன் பையோடு மணல் சாலையில் போகிற வண்டிக்கு முரட்டு நூலும் கனத்த சைடுமே நல்லது. வெடித்த ஜோடியில் சார் ஏமாந்தது அதிக விலை என்றால் அதிக உழைப்பு என்று நம்பியதால். விலை அங்கே கொடுத்தது எடை குறைப்புக்கு.

அகலத்தில் ஒன்று கவனிக்கவேண்டும். 38 போட்டால் சொகுசு கூடும், ஆனால் இந்த வண்டியில் பின் மட்கார்டு நெளிந்திருந்ததால் உரசும் என்று தோன்றியது. 35 போட்டால் அதே பாரத்துக்குக் காற்று இன்னும் இறுக்கமாக வைக்கவேண்டும். சார் வழக்கத்தை வைத்துப் பார்த்தால் 37தான் பொருந்தியது. ஷ்வால்பேயைத் தேர்ந்தோம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மருமகன் விடுமுறைக்கு வரும்போது கொண்டு வந்தார். கம்பி டயரை மடிக்கக் கூடாது, ஆனால் முறுக்கி மூன்று வளையமாகச் சுருட்டலாம். அப்படிச் சுருட்டினால் பெட்டியில் அடங்கிவிடும், கம்பியும் ஒடியாது.

மாட்டியது

டயர் மாட்டுவதற்கு முன் ரிம் வேலைதான் அதிகம். உள் ஓரத்துத் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருத் தடுப்பு பெயிண்ட் ஒரு கோட் அடித்து, காயவிட்டு, புது ரிம் டேப் போட்டோம். பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தார் கடை அண்ணன். கோட்டம் உள்ள சக்கரத்தில் பிரேக் கட்டையை எவ்வளவு சரியாக வைத்தாலும் ஒரு இடத்தில் டயரைத் தொடும்.

மாட்டும்போது டயர் ஓரத்தை ஒட்டி ஓடுகிற மெல்லிய வரியைப் பார்க்கவேண்டும். அது ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிந்தால் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. அந்தக் காலத்து இரும்பு ரிம்களின் ஓரம் நேராக எழும்பி நிற்கும், புது ரிம்களில் உள்ளதைப்போல டயரைப் பிடிக்கிற கொக்கி கிடையாது. அதனால் டயரில் எழுதியிருக்கிற உச்ச அளவு வரை காற்றடிக்கக் கூடாது. பின்னால் 50 பவுண்டு, முன்னால் 45 என்று வைத்தோம். காற்றடிக்கும்போதே பம்பின் மீட்டரைப் பார்ப்பதுதான் இந்த வால்வுக்குச் சாத்தியமான வழி. வால்டியூப் இரண்டையும் மாற்றி, கூடுதலாக நாலு வாங்கிக் கேரியர் பையில் போட்டாயிற்று. பிரேக் கட்டைகளை ரிம்மின் மேல் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே இறக்கி வைத்தோம்.

டைனமோவில்தான் பேச்சு நீண்டது. எடுத்துவிடலாம் என்றார் அண்ணன். சார் அதற்குச் சம்மதிக்கவில்லை, சம்மதிக்கவேண்டும் என்று நானும் நினைக்கவில்லை. அதுவும் வண்டியோடு வந்ததுதான். டைனமோவை அதன் இடத்திலேயே வைத்து, கிளாம்பைச் சரியாக முறுக்கி, அச்சை மையத்துக்கு நேராக்கி, உருளையின் மேல் ரப்பர் உறை ஒன்று போட்டோம். தினசரி வெளிச்சத்துக்குப் பழைய ஹெட்லைட் கூட்டுக்குள்ளேயே பேட்டரியில் எரிகிற சின்ன எல்.இ.டி. விளக்கு வைத்தோம். வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. டைனமோ ஓடுவது இனி பேட்டரி தீர்ந்த நாளில் மட்டும்.

இப்போதைய நிலை

தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் இரண்டும் பெய்கிற மாவட்டம் இது. இரண்டையும் பார்த்த பிறகு டயர்களைக் கழற்றி மறுபடி பார்த்தேன். பின் டயரின் இடது சைடில் டைனமோ தடம் லேசாகத் தெரிகிறது, பள்ளம் விழவில்லை. உள்புறம் நூலில் முறிவு எதுவும் இல்லை. வலது சைடின் நிறம் இடதைவிடச் சற்று ஆழமாகியிருக்கிறது. வெடிப்பு இன்னும் வரவில்லை, ஆனால் வராது என்று சொல்ல முடியாது. வெயில் படுகிற பழுப்பு ரப்பருக்குக் காலக்கெடு உண்டு, நாம் செய்யக்கூடியது அதைத் தள்ளிப்போடுவது.

அதற்காக மூன்று பழக்கங்களைச் சார் கடைப்பிடிக்கிறார். வண்டியைக் கிழக்குப் பக்கத்து வராந்தாவுக்கு மாற்றிவிட்டார். கடற்கரை போய்வந்த நாளில் வெறும் தண்ணீரில் கழுவுவார், சோப்பு இல்லை, எண்ணெய் இல்லை. வெளியூர் போகும்போது வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, காற்று இறங்காமல் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டுப் பையனிடம் சொல்லிவிட்டுப் போவார். காற்று இறங்கிய டயர் பாரத்தோடு மடிந்து நிற்கிற இடத்தில் ஓசோன் வெடிப்பு சீக்கிரம் வரும். பொறி பறக்கிற மோட்டார் பக்கத்திலும் பழுப்பு டயரை வைக்கக் கூடாது, அங்கே ஓசோன் கூடுதலாக உண்டாகும். அவர் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை.

இதைக் கேள்விப்பட்டு 28 அங்குல வண்டிக்காரர்கள் சிலர் கேட்டார்கள். நம் ஊர்ப் பழைய வண்டிகளில் அதிகம் இருப்பது, கேபிளுக்குப் பதில் கம்பியால் இழுக்கிற அந்த ராடு பிரேக் வண்டிகள்தான். அவற்றின் அளவு 28 × 1 1/2, உட்காரும் விட்டம் 635. ராடு பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை வெளிநோக்கி அழுத்தும், டயர் சைடுப் பக்கமே வராது. அந்த வகையில் பழுப்பு சைடுக்கு அங்கே ஒரு எதிரி குறைவு. ஆனால் இணையத்தில் 28 × 1.50 என்று பழுப்பு டயர் கண்ணில் பட்டால் வாங்கிவிட வேண்டாம், அது 622. பதின்மூன்று மில்லிமீட்டர் சின்னது, எந்த லீவர் போட்டாலும் ஏறாது. 40-635 என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்கலாம், சைடை மடக்கிப் பார்த்துவிட்டு. டயர் கிடைக்கவில்லை, ரிம்மை 622க்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் ஒத்துக்கொள்ள வேண்டாம். ராடு பிரேக் கட்டை அழுத்துவதற்கு ஏற்ற வளைவு அந்தப் பழைய ரிம்மில்தான் இருக்கிறது, வேறு ரிம் போட்டால் வண்டிக்குப் பிரேக் இருக்காது.